முகத்துவாரம் திறந்திருந்த காலம்

அடையாறு கடலில் சேரும் வாய் எப்போதும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகி வந்தால் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு நேராகக் கடலுக்குள் பாயும். தை பிறந்து வெள்ளம் வடிந்ததும் அலை கொண்டுவந்து போடும் மணல் இரண்டு பக்கமிருந்தும் வளரத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் தெற்கேயிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் இன்னும் மணலை அள்ளிவந்து சேர்க்க, வாய் சீனிவாசபுரத்துப் பக்கமாக நகர்ந்து, இடுப்பளவு ஓடையாக இளைத்துப்போகும். சில வருடங்களில் முழுதாகவே மூடிவிடும். அப்போது ஊரூர் குப்பத்திலிருந்து பட்டினப்பாக்கத்துக்கு மணல்மேலேயே நடந்து போய்விடலாம். மீனவர்கள் அக்கரை போவதற்கென்று 1967-ல் கட்டிய பாலம் 1977-லேயே உடைந்து, நடுவில் அந்தரத்தில் நின்றது. ஊரே அதை உடைந்த பாலம் என்றுதான் சொல்லும். எண்பதுகளில் மந்தைவெளியில் வளர்ந்த எனக்கு அந்தப் பாலத்தடியும், பழைய எல்பின்ஸ்டன் பாலமும், சாந்தோம் பக்கத்துச் சேற்றுவெளியும்தான் பள்ளிக்கூடம்.

ஆறு வேறு, கழி வேறு என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கொஞ்சம் கடினம். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும், தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள ஆதனூர் முதலிய ஏரிகளின் வடிநீரும் சேர்ந்து 42 கிலோமீட்டர் ஓடி வருவது ஆறு. முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே, வடகரையிலிருந்து ஒரு கிளை பிரிந்து, கல்லறைத் தோட்டம் இருக்கும் குயிபிள் தீவைச் சுற்றிக்கொண்டு, ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் போய் முட்டி நிற்கிறதே, அது கழி. ஆற்றுக்கு ஏரித் தண்ணீர் உண்டு, மழைத் தண்ணீர் உண்டு. கழிக்குக் கடல்தான் எல்லாம். கடல் ஏறினால் அது நிறையும்; கடல் வற்றினால் அது சேறு தெரியக் கிடக்கும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இன்றைக்கு ஏறிய நேரத்துக்கு நாளைக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளி ஏறும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்றம் அதிகம். அப்போதும் நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டரை நம்பித்தான் அத்தனை நண்டும் இறாலும் மடவையும் அங்கே பிழைத்தன.

கல்லூரியில் விலங்கியல் படித்தபோது எங்களை அங்கே அழைத்துப் போனவர் ஒரு வாத்தியார். கதர்ச் சட்டை, தோளில் துணிப்பை, காலில் செருப்பு இருக்காது. சேற்றில் செருப்போடு இறங்கினால் செருப்பு சேற்றுக்குத்தான் சொந்தம் என்பார். பறவை பார்க்கவும் நண்டு பிடிக்கவும் போகிறோம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் முதலில் கையில் கொடுத்தது ஒரு தெர்மாமீட்டர். "உசுரு எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அது இருக்கிற வீடு எப்படி இருக்குன்னு முதல்ல பாருங்க" என்றார்.

காற்றின் வெப்பம், மேல்தண்ணீரின் வெப்பம், அடித்தண்ணீரின் வெப்பம் மூன்றையும் எடுக்க வேண்டும். பிறகு ஆழம். பிறகு தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்தனை வேகம். வேகம் பார்க்க அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. காய்ந்த தேங்காய் நெற்று ஒன்றை மேல்பக்கம் போட்டு, கயிறால் அளந்து வைத்த தூரத்தைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்ப்போம். பிறகு தெளிவு. அதற்கு ஒரு வட்டத் தட்டு. நாலு கால்பாகமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பும் வெள்ளையும் பூசியது. கயிற்றில் கட்டி மெல்ல இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், திரும்ப இழுக்கும்போது தெரிய ஆரம்பிக்கும் ஆழத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவை எழுத வேண்டும். ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் அறிஞர், 1865-ல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் இறக்கிப் பார்த்த வெள்ளைத் தட்டின் வழிவந்தது அது. எங்கள் தட்டைச் செய்தவர் மயிலாப்பூரில் ஒரு பாத்திரப் பட்டறைக்காரர். உலகமெங்கும் ஏரியிலும் கடலிலும் இன்றைக்கும் அதைத்தான் இறக்குகிறார்கள்.

தை, மாசியில் ஏற்றத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது எல்பின்ஸ்டன் பாலத்துக்குக் கீழே தட்டை இறக்கினால் அது நம் இடுப்பளவு ஆழம் வரைக்கும் கண்ணுக்குத் தெரியும். தண்ணீரில் ஒரு பச்சை இருக்கும். அதே இடத்தில் வற்றம் தொடங்கி, நகரத்துத் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் ஒரு சாண் போவதற்குள் தட்டு காணாமல் போய்விடும். ஒரே நாள், ஒரே இடம், ஆறு மணி நேர இடைவெளி. அளந்தால்தான் இது நம்பும்படி இருக்கும். பக்கத்திலுள்ள திரு.வி.க. பாலத்தில் பஸ்ஸில் போகிறவருக்கு ஏதோ ஒரு நேரத்து ஆறுதான் தெரியும். அதைப் பார்த்து அவர் அடையாறு இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுவார்.

உப்பு அளப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. கடல்நீரில் ஆயிரத்துக்குச் சுமார் முப்பத்தைந்து பங்கு உப்பு என்று புத்தகம் சொல்லும். வங்காள விரிகுடாவோ கங்கையும் கோதாவரியும் கிருஷ்ணாவும் வந்து விழும் கடல். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு சென்னைக் கரையில் உப்பு நன்றாகக் குறைந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, மஞ்சளாக இருந்த திரவம் ஒரு சொட்டில் செங்கல் நிறத்துக்கு மாறும். அந்தச் சொட்டோடு நிறுத்தி, கணக்குப் போட்டால் உப்பின் அளவு கிடைக்கும். மேல்தண்ணீரையும் அடித்தண்ணீரையும் தனித்தனியாக எடுத்து வந்து சோதித்த நாளில்தான் கழிமுகம் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. மேலே ஏறக்குறைய நல்ல தண்ணீர், கீழே கடல். உப்புத் தண்ணீர் கனமானது. ஆப்புபோல அடியில் நுழைந்து உள்ளே போகும். ஆற்றுநீர் அதன் முதுகின்மேல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இரண்டும் எதிரெதிராக ஓடிக்கொண்டிருக்கும், மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் அங்கே வீச்சு வலையோடு நிற்கும் அண்ணனுக்குத் தெரியும். நாங்கள் பாட்டிலும் கயிறுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, சீனிவாசபுரத்துக்காரர் ஒருவர் அருகில் வந்து கேட்டார்: "இன்னா தம்பி, தண்ணிய அளக்குறீங்களா?" உப்பு அளக்கிறோம் என்றதும் ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, "இன்னும் கடல் தண்ணி வர்ல. வந்தா காலுக்கு ஜில்லுன்னு படும். மேல சூடு, கீழ குளிர்ச்சி. அப்பத்தான் மடவை உள்ள வரும்" என்றார். எங்கள் தெர்மாமீட்டர் சொன்னதும் அதுதான். வாத்தியார் நோட்டைத் திறந்து, எங்கள் எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, அவர் சொன்னதையும் அப்படியே எழுதச் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பத்தி எங்கள் நோட்டில் நிரந்தரமாக இருந்தது. எந்தக் காற்று, நீரோட்டம் தெண்டியா வன்னியா, அதாவது தெற்கிலிருந்து வடக்கா, வடக்கிலிருந்து தெற்கா. வாய் எங்கே திறந்திருக்கிறது, எந்த மீன் வந்தது, எல்லாமே அந்தப் பத்தியில் போகும். பிற்காலத்தில் ஊரூர் குப்பத்து மீனவர் எஸ்.பாளையம் காற்றையும் நீரோட்டத்தையும் அலையையும் நாள்தோறும் குறித்து வைத்தார் என்று படித்தபோது எனக்கு அந்தப் பத்திதான் கண்முன் வந்தது. சென்னை பெருமைப்பட வேண்டிய வேலை அது. பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டிய வேலை.

இறால் தடவுகிறவர்களையும் சொல்ல வேண்டும். மார்பளவு தண்ணீரில் வரிசையாக உட்கார்ந்தபடி நகர்வார்கள். பறியின் கயிற்றைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள். அகப்பட்ட இறாலைத் தலையைத் திருப்பாமலே பறிக்குள் போடுவார்கள். சேறு மிருதுவாக இருக்கிறதா, மணல் கலந்திருக்கிறதா, சாக்கடைக் கசடு படிந்திருக்கிறதா என்பது அவர்கள் விரல்நுனிக்குத் தெரியும். கழியின் அடித்தரையைப் பற்றி அவர்களைவிட அறிந்தவர்கள் அன்றைக்கு இந்த ஊரில் யாரும் இருந்திருக்க முடியாது.

அடையாற்றை அளந்த முதல் ஆட்கள் நாங்கள் அல்ல. எங்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்திலிருந்து இருவர் இதே கழிகளில் இறங்கியிருக்கிறார்கள். ஆர்.கோபால ஐயர் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர். என்.கேசவ பணிக்கர் அப்போது இருபதுகளில் இருந்த மலையாள இளைஞர். இருவரும் சேர்ந்து சென்னையின் உப்பங்கழி உயிரினங்களைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை 1937-ல், சி.வி.ராமன் அதற்கு மூன்று வருடம் முன்பு தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் வெளிவந்தது. 1939-ல் அந்த உயிரினங்களின் இனப்பெருக்கத்தைப் பற்றி இன்னொரு கட்டுரை. உப்பு ஏறி இறங்கும் தண்ணீரில் இறால் தன் உடம்புக்குள் இருக்கும் உப்பை எப்படிச் சமாளிக்கிறது, அதில் வெப்பத்துக்கு என்ன பங்கு என்ற கேள்வியைப் பணிக்கர் பிறகு விடாமல் துரத்தினார். 1940-ல் நேச்சர் இதழில் அதைப் பற்றி எழுதினார். 1966-ல் தேசியக் கடலாய்வு நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். இந்தியக் கடலியலின் பெரிய பெயர்களில் ஒன்று நம் ஊர்க் கழிச் சேற்றில் கால் வைத்துத்தான் நடக்கத் தொடங்கியது. அடையாற்றை வெறும் சாக்கடை என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த 1937 கட்டுரையைப் பல்கலைக்கழக நூலகத்தில் வாத்தியார் எங்களுக்குக் காட்டினார். மஞ்சளேறிய தாள். நூலகத்தில் உட்கார்ந்து அதைக் கையால் பார்த்து எழுதி எடுத்து வந்தோம். பழைய ஆள் ஒருவர் எழுதி வைத்ததால்தான் நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கிறது என்பார். நூறு வருடம் கழித்து ஒருவன் வந்து கேட்பான், அவனுக்காக எழுதுங்கள் என்பார். நாங்கள் படித்து முடிப்பதற்குள் அவர் எங்களிடம் சொன்ன வேறு எதுவும் இத்தனை ஆழமாகப் பதியவில்லை.

ஆக்சிஜன் அளப்பதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். ஹங்கேரியில் லாயோஷ் விங்க்லர் என்ற வேதியியலாளர் 1888-ல் கண்டுபிடித்த முறை. 300 மில்லி பிடிக்கும் கண்ணாடிப் பாட்டில். தேய்த்து வழவழப்பாக்கிய மூடி. தண்ணீரை நிரப்பும்போது உள்ளே ஒரு காற்றுக் குமிழ்கூட இருக்கக்கூடாது. பிப்பெட்டின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மாங்கனஸ் சல்பேட்டை விட வேண்டும். அடுத்தது காரமும் அயோடைடும் கலந்த கரைசல். மூடி, பாட்டிலைத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டி ஆட்டினால் உள்ளே பொங்குபொங்காக ஒரு படிவு உண்டாகி, மெல்ல அடியில் இறங்கும். தண்ணீரில் உயிர்க்காற்று நிறைய இருந்தால் அந்தப் படிவு நல்ல பழுப்பு நிறத்தில் இருக்கும். குறைவாக இருந்தால் வெளிறும். அறவே இல்லையென்றால் வெள்ளை. மீதி வேலை ஆய்வுக்கூடத்தில்: அமிலம் விட்டுக் கரைத்து, ஸ்டார்ச் சேர்த்து, தயோசல்பேட் சொட்ட, நீலம் சட்டென்று மறையும்போது நிறுத்திக் கணக்கிட வேண்டும். ஆனால் நதியின் ஜாதகம் கரையிலேயே, படிவின் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

முப்பது டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் அதிகபட்சம் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தன்னுள் வைத்துக்கொள்ள முடியும். கடல்நீரென்றால் ஆறுக்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் சூடாக ஆக, உப்பு ஏற ஏற, அதற்கு மூச்சு குறையும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன் பிழைக்க நாலு மில்லிகிராமாவது வேண்டும் என்கிறது. மதியம் அளந்தால் பாசியெல்லாம் வெயிலில் ஆக்சிஜனை வெளிவிட்டுக்கொண்டிருப்பதால் எண் அழகாக வரும். இரவு முழுக்க அதே பாசியும் மீனும் சேற்றுக் கிருமியும் அதைத் தின்று தீர்க்க, விடியலில்தான் உண்மை தெரியும். அதனால்தான் வாத்தியார் எங்களை இருட்டோடு வரச் சொல்வார். திரு.வி.க. பாலத்தின் விளக்குகள் அணையாத நேரத்தில் பாட்டிலை நிரப்பியிருக்கிறோம்.

தை மாதத்தில் முகத்துவாரத்தருகே எடுத்த பாட்டிலில் படிவு பழுப்பாக இறங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே காலையில், அதே கைகள், கழியின் உள்கோடியில் சாக்கடை வந்து விழும் இடத்தில் நிரப்பிய பாட்டிலில் பஞ்சுபோல வெள்ளைதான். ஆட்டிப் பார்த்தோம், காத்திருந்தோம், நிறம் மாறவில்லை. சித்திரையில் மணல் வாயை அடைத்துக்கொண்டதும் அந்த வெள்ளை பாட்டிலுக்குப் பாட்டில் பரவி, பாலம் வரைக்கும் வந்துவிடும். வாய் திறந்தால் பழுப்பு, அடைத்தால் வெள்ளை. அடையாற்றுக் கழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

சீனிவாசபுரத்துப் பையன்கள் கழியில் குதித்து நீந்துவார்கள். இடுப்பில் வெள்ளி அரைஞாண். கோடையில் அந்த அரைஞாண் ஒரே நாளில் கறுத்துப்போகும் என்று அம்மாக்கள் சொல்வார்கள். திருநீற்றைப் போட்டுத் தேய்த்து வெளுக்க வைப்பார்கள், மறுநாள் மறுபடி கறுக்கும். கண் பட்டது, காத்து பட்டது என்று பேச்சு. ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் வாழும் கிருமிகள் கடல்நீரில் இருக்கும் சல்பேட்டை எடுத்து ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றமும் அதுதான், வெள்ளியைக் கறுக்க வைப்பதும் அதுதான் என்று வாத்தியார் அந்தத் தாய்மாரிடம் நின்று பொறுமையாக விளக்கினார். ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமலே அந்தக் குப்பத்துப் பிள்ளைகளின் இடுப்பில் ஒரு அளவுகோல் இருந்தது. இதைக் கேட்டு யாராவது அந்தப் பிள்ளைகள் குளிக்க வேறு தண்ணீருக்கு வழி செய்தார்களா என்றால், அந்த நாளில் இல்லை.

பறவைகளை எண்ணுகிறவர்கள் எங்களுக்கு அண்டை வீட்டார் போல. 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கத்தினர் தொலைநோக்கியோடு வருவார்கள். வி.சாந்தாராம் போன்றவர்கள் இந்தக் கழிமுகத்துப் பறவைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறித்தவர்கள். பவழக்கால் உள்ளான் எங்கே இறங்குகிறது, ஆலா எங்கே உட்காருகிறது என்பது வற்றத்தின் நேரத்தையும் சேற்றின் ஆழத்தையும் பொறுத்தது. எங்கள் நோட்டை அவர்கள் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். அவர்கள் நோட்டை நாங்கள் பார்ப்போம். சேறு வெளியே தெரியும் நேரம் நீண்டால் உள்ளான் கூட்டம் பெரிதாக இருக்கும். வாய் அடைத்துத் தண்ணீர் தேங்கி நின்றால் உள்ளானுக்கு நிற்க இடமிராது. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கதை.

1985 நவம்பரில் வெள்ளம் வந்தது. மழை விட்டதும் நாங்கள் போய்ப் பார்த்தபோது மணல்மேடு இருந்த சுவடே இல்லை. ஆறு செம்மண் நிறத்தில், கரை முட்ட, கடலுக்குள் வெகுதூரம் வரை தன் நிறத்தை நீட்டிக்கொண்டு ஓடியது. உப்பு அளந்தால் பாலத்தடியில் மேலும் கீழும் ஒன்றே. கடல் முழுதாக வெளியே தள்ளப்பட்டிருந்தது. சில வாரம் கழித்து மறுபடி போனபோது வாய் அகலமாகத் திறந்திருக்க, ஏற்றம் தடையில்லாமல் உள்ளே வந்து கழியின் கோடி வரை போயிற்று. அந்த மார்கழி, தையில் இருந்த அடையாற்றைத்தான் நான் இன்றும் அடையாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். உமரிச் செடி கரை முழுக்கச் செக்கச்செவேலென்று. சேற்றில் ஒற்றைக் கொடுக்கு நண்டுகள் கொடுக்கை ஆட்டிக்கொண்டு. தியசாபிகல் சொசைட்டித் தோப்பின் நிழல் தென்கரைத் தண்ணீரில். வாத்தியார் கரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் எதுவும் எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெர்மாமீட்டரைக் கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை விரைவாகவே சொல்லிவிடலாம், ஊருக்கே தெரிந்ததுதான். கழியின் கிழக்கே மண் கொட்டி மேடாக்கிய இடங்களில் எம்.ஆர்.சி. நகரின் கட்டடங்கள் எழுந்தன. கோட்டூர்புரத்தருகே சேரும் பக்கிங்காம் கால்வாய் நகரத்துக் கழிவையெல்லாம் கொண்டுவந்து கொட்டிற்று. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் முகத்துவாரத்தின் வழியாக ஏறி வந்து சீனிவாசபுரத்தில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. எங்களோடு பேசிய அந்த வீச்சு வலை அண்ணனின் வீடு அந்த வரிசையில்தான் இருந்தது. பிறகு அவரைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அதன் மதகு, அதன் கொள்ளளவு, அதன் வெளியேற்றம் எல்லாம் அளந்து வைத்திருந்த நகரத்துக்கு, அந்தத் தண்ணீர் சைதாப்பேட்டையில் எந்த வீட்டின் எந்தப் படி வரைக்கும் வரும் என்பதைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. அளவு என்பது நிபுணர்களின் மேசையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன்.

நல்லதும் நடந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கழியின் ஒரு பகுதியை மீட்க 2006-ல் அடையாறு பூங்கா அறக்கட்டளை அமைந்தது. அதுவே பிறகு சென்னை நதிகள் மறுசீரமைப்பு அறக்கட்டளை ஆயிற்று. குப்பை கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் தோண்டி எடுக்கப்பட்டு, தண்ணீர் தேங்கும் பள்ளங்களும் கண்டல் நாற்றுகளுமாக, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அதன் பின்னர் முகத்துவாரம் வரைக்கும் 300 ஏக்கர் அளவில் வேலை நடந்தது. பூங்காவுக்குள் முதல்முறை போனபோது நான் முதலில் தேடியது ஆழம் காட்டும் கோலைத்தான். மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்குமேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, தலைகுப்புற விழுந்து, மீனோடு எழுந்தது. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. சின்ன மீன் இருக்கிறது, அது மேலிருந்து பார்க்கும்படி தண்ணீர் கொஞ்சம் தெளிந்தும் இருக்கிறது என்று அர்த்தம். மனது நிறைந்தது.

ஆனால் இன்றைக்கும் ஆறு சுத்தமாகவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாசடைந்த ஆறுகள் பட்டியலில் அடையாறு இருக்கிறது. முதல் மழை பெய்து, தெருக்கழிவும் தேங்கிய சாக்கடையும் ஒரேயடியாக ஆற்றில் இறங்கும் நாளில், மடவையும் கெண்டையும் வெள்ளை வயிறு தெரிய மிதப்பதைப் பத்திரிகையில் படம் போடுகிறார்கள். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு தடவையும் எழுகிறது. அந்த விடியற்காலையில் ஒரு பாட்டிலை நிரப்பி மாங்கனஸ் சல்பேட் விட்டுப் பார்த்தால் போதும், விஷமா மூச்சுத்திணறலா என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதற்கு முந்தைய நாளின் அளவும், முந்தைய வாரத்தின் அளவும் இருந்தால் நிச்சயமாகவே சொல்லலாம். மீன் செத்த பிறகு வந்து எடுக்கும் மாதிரி பிரேதப் பரிசோதனைதான். ஆறு உயிரோடு இருக்கும் சாதாரண நாட்களில், ஒன்றும் நடக்காத செவ்வாய்க்கிழமைகளில், அதைத் தொட்டுப் பார்க்க யாராவது வேண்டும். இப்போது கருவிகள் வந்துவிட்டன. தண்ணீரில் மூழ்கவைத்தால் வெப்பம், உப்பு, ஆக்சிஜன், கலங்கல் எல்லாவற்றையும் தானே எழுதிக்கொள்ளும். வரட்டும், வேண்டியதுதான். கருவி குறிக்காததும் உண்டு: வாய் எங்கே திறந்தது, காற்று எங்கிருந்து வந்தது, இறால் தடவுகிறவர்கள் ஏன் இன்றைக்கு வரவில்லை. எங்கள் நோட்டின் அந்த இரண்டாவது பத்தி.

வாத்தியார் இப்போது இல்லை. எங்கள் நோட்டுகள் கல்லூரி ஆய்வுக்கூடம் இடம் மாறியபோது எங்கோ போய்விட்டன. பணிக்கரும் கோபால ஐயரும் அச்சில் ஏற்றியது தொண்ணூறு வருடத்தை நெருங்கியும் கிடைக்கிறது. நாங்கள் கையால் எழுதியது நாற்பது வருடம்கூடத் தாங்கவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். அடையாறு, மயிலாப்பூர், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை கல்லூரிகள் இருக்கின்றன! ஒவ்வொன்றும் ஆற்றிலோ கழியிலோ ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளட்டும். வாரம் ஒரு நாள், விடியலில், பெரியவர் ஒருவர் துணையோடு வெப்பம், உப்பு, தெளிவு, ஆக்சிஜன் நாலையும் அளக்கட்டும். அக்கம்பக்கத்து மீனவரிடம் கேட்டு இரண்டாவது பத்தியையும் நிரப்பட்டும். எண் எவ்வளவு மோசமாக வந்தாலும் திருத்தாமல் எழுதட்டும். வருடம் முடிந்ததும் அந்த நோட்டைப் பிரதி எடுத்து, ஒன்றைப் பள்ளியிலும் ஒன்றைக் கன்னிமாரா நூலகத்திலும் கொடுத்து வையுங்கள். கையெழுத்து தெளிவாக இருக்கட்டும். தேதியும் நேரமும் விடுபட வேண்டாம்.